பொறி விழும் இடம்: ஃபயர் ஸ்டீல் வாங்கவும் பழகவும்

மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிற மதுரைக்காரர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். பானை, அரிசி, வெல்லம், மூன்று செங்கல், ஒரு கட்டு விறகு எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். தீப்பெட்டியை யார் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஒரு வருடம் தீப்பெட்டி இருந்தது; தண்ணீர்க் குடத்தோடு ஒரே பையில் கிடந்து நமத்துப் போயிருந்தது. குச்சிக்குக் குச்சி மருந்து உதிர்ந்ததுதான் மிச்சம். சட்டைப் பையில் இருந்த ஃபயர் ஸ்டீலை, அதாவது தகட்டால் சுரண்டினால் பொறி தெறிக்கிற சின்னக் கம்பியை, எடுத்தேன். சணல் சாக்கின் ஓரத்தில் நாலு இழை பிரித்துத் தேய்த்து, அதில் பொறி விழ வைத்து அடுப்பை மூட்டினேன். "என்னப்பா இது, கம்பியில தீ வருது?" என்று அத்தை கேட்டார்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்களில் பலர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: "பொறி நல்லா வருது, தீதான் பிடிக்க மாட்டேங்குது." இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்காகவும் எழுதியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறி வரவழைப்பது கால் பங்கு வேலை. பொறி விழுகிற இடத்தைத் தயார் செய்வதுதான் முக்கால் பங்கு.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரர்கள் நாம். 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாய் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. அதைவிட மலிவாக, சுலபமாகத் தீ மூட்ட வேறு எதுவும் இல்லை. வீட்டு அடுப்புக்குக் கம்பி தேவையே இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் தோட்டத்தில் தங்குகிறவர்கள், ஆடிக் காற்றில் வெளியில் சமைக்கிறவர்கள், அடிக்கடி வெளியே போய் தங்குகிறவர்கள் ஆகியோருக்குத்தான் இது. நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம், காற்று பொறியை அணைக்காது, வருடக்கணக்கில் வரும். தீப்பெட்டியும் பையில் இருக்கட்டும், கம்பியும் இருக்கட்டும்.

எது ஃபயர் ஸ்டீல்

பெயரில் நிறையக் குழப்பம். ஃபயர் ஸ்டீல், ஃபெரோ ராட், ஃபயர் ஸ்டார்ட்டர், சக்கிமுக்கிக் கல் என்று ஒரே பொருளை நாலு பெயரில் விற்கிறார்கள். உண்மையான சக்கிமுக்கி வேறு. அதில் கரிச்சத்து அதிகமுள்ள இரும்பைக் கூர்மையான கல்லில் அடிப்பார்கள். கல் இரும்பைச் சுரண்டி எடுக்கிறது, அந்த இரும்புத் துகள்தான் பொறியாகப் பறக்கிறது. அந்தப் பொறியின் சூடு குறைவு என்பதால் கரியாக்கிய துணி மாதிரி ஒன்று இருந்தால்தான் கங்கு பிடிக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

மதுரையைச் சுற்றிய செவல் காடுகளில் வெள்ளை வெளேரென்று வெங்கச்சங்கல் கிடக்கும். சின்ன வயதில் இருட்டில் இரண்டை எடுத்து உரசி, உள்ளே மஞ்சளாக வெளிச்சம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கருகல் வாசனையும் வரும். அது கல்லின் உரசலில் வருகிற வெளிச்சம் மட்டுமே. அதை வைத்துத் தீ மூட்ட முடியாது. இரண்டு கல்லை உரசினால் தீ வரும் என்று நம்பி மணிக்கணக்கில் உரசிய பையன்களில் நானும் ஒருவன்.

இன்று கடையில் கிடைக்கிற கறுப்புக் கம்பி ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை. சீரியமும் அதன் கூட்டாளி உலோகங்களும் இரும்பும் சேர்ந்தது. பல கம்பிகளில் கொஞ்சம் மக்னீசியமும் இருக்கும். சீரியம் 200 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கம்பியைச் சுரண்டும்போது பிய்ந்து வருகிற துகள் அந்த உராய்வுச் சூட்டிலேயே பற்றி, காற்றில் எரிந்து, சுமார் 3000 டிகிரி வரை போகிறது. இங்கே தகடு கம்பியைச் சுரண்டுகிறது, கம்பிதான் எரிகிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், எப்படி உரசவேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

இதன் பிறப்புக் கதைக்கும் நம் தென்கோடிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற வேதியியலாளர்தான் விளக்கு மேண்டிலைக் கண்டுபிடித்தவர். திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாக எரியுமே, அந்த மேண்டில். அதற்குத் தோரியம் வேண்டும், தோரியம் மோனசைட் மணலில் இருந்து கிடைக்கும். தோரியத்தை எடுத்த பிறகு சீரியமும் மற்றவையும் மலைபோல் மிஞ்சின. மிஞ்சியதை என்ன செய்வது என்று யோசித்தவர், 1903-ல் அதோடு இரும்பைக் கலந்து இந்தப் பொறிக் கலவையை உண்டாக்கினார். அதே மோனசைட் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். சிகரெட் லைட்டருக்குள் போடுகிற கல்லும், கேஸ் வெல்டிங் பட்டறையில் டார்ச்சைப் பற்ற வைக்கிற கிண்ணக் கருவியில் இருக்கிற கல்லும் இதே சரக்குதான். ஃபயர் ஸ்டீல் அதன் பெரிய அண்ணன்.

வாங்கும்போது

தடிமன்தான் முதலில் பார்க்க வேண்டியது. சாவிக்கொத்தில் தொங்குகிற 4, 5 மில்லிமீட்டர் கம்பிகளை விட்டுவிடுங்கள். அழுத்தி உரசினால் ஒடிந்துபோகும். இந்தக் கலவை இரும்பு மாதிரி வளையாது, சாக்பீஸ் மாதிரி முறியும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன், பிடி இல்லாமல் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் போதும். நீளம் இருந்தால் ஒரே இழுப்பில் நிறையப் பொறி விழும். 12 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது கைக்குக் கனம், பலன் அதிகமில்லை.

கலவையில் மக்னீசியம் கூடினால் கம்பி மென்மையாகும். பெரிய பெரிய பொறியாகக் கொட்டும், சீக்கிரம் தேயும். கடினமான கம்பி நீண்ட நாள் வரும், ஆனால் பொறி சன்னமாகத் தெறிக்கும், கை பழக வேண்டும். பெட்டியில் எதை எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, முடிந்தால் மென்மையானதையே முதலில் வாங்குங்கள். "20,000 தடவை உரசலாம்" என்று அச்சடித்திருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எப்படி அழுத்தி, எவ்வளவு நீளம் உரசுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும்.

பிடி மரமோ பிளாஸ்டிக்கோ, வியர்த்த கையில் வழுக்காமல் இருக்க வேண்டும். கம்பியைப் பிடிக்குள் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள், அதனால் வாங்கியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் போட்டு வைக்காதீர்கள், பசை இளகிப் பிடி கையோடு வந்துவிடும்.

மக்னீசியக் கட்டி என்று ஒன்று விற்கும். சாம்பல் நிறச் செங்கல் போல இருக்கும், ஓரத்தில் சன்னமான பொறிக்கம்பி ஒட்டியிருக்கும். மக்னீசியத்தைச் சீவித் தூளாக்கி அதன்மேல் பொறி விட வேண்டும். தூள் பிரமாதமாக எரியும். ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவு குவியல் சேர்க்கப் பத்து நிமிடம் சீவ வேண்டும், அதற்குள் ஆடிக் காற்று ஒரு ஊது ஊதினால் போச்சு. முதல் கம்பியாக இது வேண்டாம்.

அப்புறம் சுரண்டும் தகடு. கம்பியோடு வருகிற தகடு பல சமயம் உதவாது, விளிம்பு மழுங்கியிருக்கும். விரல் நகத்தின் மேல் தகட்டின் ஓரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் வெள்ளைத் தூள் வந்தால் விளிம்பு சரி. வழுக்கிக்கொண்டு போனால் அரத்தால் ராவி 90 டிகிரி மூலையாக்குங்கள், அல்லது சாணை பிடிக்கிறவரிடம் கொடுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் உடைந்த ஆக்சா பிளேடு சும்மாவே கிடைக்கும். விரல் நீளத் துண்டு எடுத்து, பல் இல்லாத முதுகுப் பக்கத்தில் பெயின்ட்டைத் தேய்த்துச் சாணை பிடித்தால், கடைத் தகட்டைவிட நன்றாகச் சுரண்டும். பல் இருக்கிற பக்கத்தில் டேப் சுற்றிவிடுங்கள். அருவா முதுகு பொதுவாக உருண்டு இருக்கும், பொறி வராது. அருவாவின், கத்தியின் வெட்டு முனையால் உரசவே கூடாது. முனையும் போகும், கையும் போகும். தகடு தொலைந்துவிட்டால் உடைந்த டைல்ஸ் துண்டோ, புதிதாக உடைத்த வெங்கச்சங்கல்லின் கூரான விளிம்போ போதும். சின்ன வயதில் தீ தராத கல் இங்கே உதவுகிறது.

பொறி விழும் இடம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பொறி 3000 டிகிரியில் இருந்தாலும், கடுகை விடச் சிறிய துகள் அது. ஓரிரு நொடியில் அணைந்துவிடும். அதன் சூட்டைத் தாங்கி உடனே தீயாக மாற வேண்டுமென்றால், விழுகிற பொருள் முடியைப் போல் மெலிந்து, நன்றாகக் காய்ந்து, இடையிடையே காற்றோட்டம் இருக்க வேண்டும். விறகில் பொறி விழுந்தால் ஒன்றும் ஆகாது, சருகில் விழுந்தாலும் பெரும்பாலும் ஆகாது. "பொறி வருது, தீ பிடிக்கலை" என்றவர்கள் எல்லாரும் காய்ந்த வேப்பஞ்சருகிலோ வைக்கோலிலோ உரசியவர்கள்.

நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடைப் பஞ்சில் இருந்து தொடங்குங்கள். பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. சுருட்டி வைத்திருப்பதை அப்படியே வைக்காமல், சிலந்தி வலை மாதிரித் தெரியும் வரை பிய்த்துப் பிய்த்து உதிர்க்க வேண்டும். ஒரே பொறியில் பற்றும். ஆனால் வெறும் பஞ்சு அரை நிமிடத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். அதனால் நெல்லிக்காய் அளவுப் பஞ்சில் பாதியை மட்டும் வாசலினில் பிசைந்து, மீதிப் பாதியைக் காய்ந்த இழையாகவே விடுங்கள். காய்ந்த இழை பொறியைப் பிடிக்கும், வாசலின் பல நிமிடம் எரிய வைக்கும். முழுப் பஞ்சையும் வாசலினில் ஊற வைத்துவிட்டு, பொறி பிடிக்கவில்லை என்று திகைக்காதீர்கள். இப்படி ஏழெட்டு உருண்டை செய்து சின்ன டப்பாவில் அடைத்து வைத்தால் ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை. கற்பூரத்தை நுணுக்கிப் பஞ்சுக்குள் பொதிந்து வைப்பதும் நல்ல வழி; ஈரமான இடத்திலும் எரியும். கற்பூரம் தானாகக் காற்றில் கரைந்துபோகும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

இலவம் பஞ்சும் எருக்கம் பஞ்சும் பொறி பட்ட உடனே 'புஸ்' என்று பற்றும், அதே வேகத்தில் அடங்கிவிடும். தனியாக வைத்தால் ஏமாற்றும். வேறு நாருக்கு நடுவில் ஒரு சிட்டிகை வைத்தால் அருமை.

வீட்டுச் சாமான் எதுவும் இல்லாத இடத்தில் நான் நம்புவது தேங்காய் நாரைத்தான். செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். காய்ந்த தேங்காய் மட்டையின் உள்பக்கத்தில் இருந்து ஒரு கைப்பிடி நார் பிய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, குளிரில் கை தேய்ப்பது போல விடாமல் தேயுங்கள். முதலில் துரும்பும் பழுப்பு நிற நார்த்தூளும் உதிரும். அதையும் கீழே விரித்த துணியில் பிடித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். நாலைந்து நிமிடத்தில் நாரின் முரட்டுத்தனம் போய், நடுவில் பூனை முடி மாதிரி மெல்லிய இழைகள் தென்பட ஆரம்பிக்கும். முரட்டு இழைகளை வெளிப்பக்கமும் மெல்லியதை உள்பக்கமும் ஒதுக்கி, தூக்கணாங்குருவிக் கூடு இல்லாமல், புறாக்கூடு போலத் தட்டையாக, நடுவில் குழி வைத்து அமையுங்கள். பிடித்து வைத்திருந்த தூளை அந்தக் குழியில் தூவுங்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது, வெயிலில் பத்து நிமிடம் வைக்க வேண்டும்.

சணல் சாக்கின் இழையையும் இதே மாதிரிப் பிரித்துத் தேய்க்கலாம், நாரை விடச் சீக்கிரம் பஞ்சாகும். பிளாஸ்டிக் சாக்கு ஆகாது, உருகிக் கையில் ஒட்டும். தென்னையின் பன்னாடையையும் சுரண்டும் தகட்டின் விளிம்பால் ஒரே இடத்தில் வறட் வறட் என்று சுரண்டினால் மெல்லிய துகள் சேரும். பன்னாடையை அப்படியே வைத்தால் பொறி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சுள்ளியும் விறகும்

ஒரு பொறிகூட விடுவதற்கு முன்னால் எல்லா விறகும் கையெட்டும் தூரத்தில் அடுக்கி இருக்க வேண்டும். நார்க்கூடு எரிந்த பிறகு சுள்ளி பொறுக்கப் போனால், திரும்பி வரும்போது சாம்பல்தான் இருக்கும்.

தீக்குச்சித் தடிமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் இரண்டு கைப்பிடி, கட்டைவிரல் தடிமனில் ஒரு அணைப்பு. அதற்குப் பிறகுதான் விறகு. தரையில் கிடப்பதை விட மரத்திலேயே காய்ந்து நிற்கிற சுள்ளி நல்லது, தரைச் சுள்ளி மண்ணின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ஒடித்துப் பாருங்கள், 'சடக்' என்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் அது விறகுக்கும் பின்னால் போகட்டும்.

பருத்தி அறுத்த காட்டில் காய்ந்த பருத்திமார் கிடைத்தால் அதுவே போதும், மேலிருந்து அடி வரை எல்லாத் தடிமனும் ஒரே செடியில் இருக்கும். பனைமரப் பக்கம் என்றால் காவோலை, அதாவது காய்ந்த பனை ஓலை. கிழித்துச் சன்னமாக்கி நார்க்கூட்டுக்கு மேல் கூடாரமாக நிறுத்தினால் பெரும் சுவாலையாக எழும்பும். காவோலைக் குவியலுக்குள் கை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள், தேளும் பாம்பும் அங்கேதான் நிழல் தேடும். விறகுக்குச் சீமைக்கருவேலம் நம் பக்கமெல்லாம் மண்டிக் கிடக்கிறது. கனமான கட்டை, நின்று எரியும், கங்கு நீண்ட நேரம் இருக்கும். முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், அதனால் ஷூ போட்டுக்கொண்டு போங்கள். சமையல் முடியும் வரை கங்கைக் காக்க ஒரு வரட்டியும் இரண்டு கொட்டாங்குச்சியும் பக்கத்தில் இருக்கட்டும்.

அரளிக் குச்சியை எரிக்கவே கூடாது, வாட்டுகிற கம்பாகவும் செருகக் கூடாது. அரளி முழுக்க நஞ்சு, புகையும் நஞ்சு. கள்ளியும் வேண்டாம், பால் கண்ணில் பட்டால் பெரிய வேதனை.

அடுப்புக் கல்லுக்குச் செங்கல் அல்லது காய்ந்த நிலத்துக் கல் எடுங்கள். ஓடையிலும் கண்மாயிலும் ஊறிக் கிடந்த கல்லில் தண்ணீர் புகுந்திருக்கும், சூடு ஏறினால் வெடித்துத் தெறிக்கலாம்.

உரசும் கை

புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், துருப் பிடிக்காமல் இருக்க அடித்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே வெள்ளிச் சாம்பல் நிறம் தெரிந்த பிறகுதான் பொறி வரும். ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் போதும். பலர் இது தெரியாமல் கம்பி போலி என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

நார்க்கூட்டை ஒரு தட்டையான பலகை மேலோ, காய்ந்த மட்டை மேலோ வையுங்கள். ஈரத் தரையில் நேரடியாக வேண்டாம். காற்று வருகிற பக்கத்துக்கு முதுகு காட்டி மண்டியிட்டு உட்காருங்கள். புடவை முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனியை இழுத்துச் செருகுங்கள். நைலான், பாலியஸ்டர் துணியில் பொறி பட்டால் ஓட்டை உறுதி.

இடது கையில் கம்பி, வலது கையில் தகடு. கம்பியின் நுனி நார்க்கூட்டின் குழிக்குள் இருக்கட்டும். தகட்டைக் கம்பியின் மேல் சற்றே சாய்த்து, ஏறக்குறைய 45 டிகிரியில் வைத்து அழுத்துங்கள். இப்போது தகடு பிடித்த கையை அசைக்காமல், கம்பியை உங்களை நோக்கிப் பின்னால் இழுங்கள். தகட்டைக் கீழ்நோக்கி வீசுகிறவர்கள் கடைசியில் கூட்டையே இடித்துச் சிதற அடிக்கிறார்கள். பத்து நிமிட வேலை ஒரு நொடியில் மண்ணாகும். கம்பியை இழுத்தால் கூடு குலையாது, பொறியும் ஒரே இடத்தில் விழும்.

வேகம் வேண்டாம், அழுத்தம்தான் வேண்டும். சேனைக்கிழங்குத் தோலைச் சீவுவது போல், ஆழமாகப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். சர் சர் என்று வேகமாக உரசினால் தீபாவளி மத்தாப்பு மாதிரி நிறையப் பறக்கும். அவையெல்லாம் சன்னத் துகள், கூட்டில் விழுவதற்குள் தீர்ந்துவிடும். மெதுவாக அழுத்தி இழுத்தால் உலோகம் கொஞ்சம் பெரிய துணுக்காகப் பிய்ந்து, உருகிய சொட்டு போலக் கீழே விழுந்து, விழுந்த இடத்தில் ஒரு நொடி கொதித்து எரியும். உற்றுப் பார்த்தால் நாரில் அது உட்காரும் இடம் முதலில் வெள்ளையாகவும், உடனே ஆரஞ்சாகவும் தெரியும். அந்தச் சொட்டுதான் தீயாகும். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், சொட்டைப் பாருங்கள்.

நார் லேசாக ஈரம் என்று சந்தேகமா? பொறி வராத அளவுக்கு மெதுவாகத் தகட்டைக் கம்பியில் தேய்த்து, மிளகுத்தூள் அளவுக்குக் கம்பித் தூளைக் குழியில் சேருங்கள். பிறகு ஒரு அழுத்தமான இழுப்பு. தூளும் சேர்ந்து எரிந்து சூடு கூடும்.

சுவாலை எழுந்தால் உடனே அள்ளி விறகைப் போடாதீர்கள். தீக்குச்சித் தடிமன் சுள்ளியைச் சாய்த்துச் சாய்த்து நிறுத்துங்கள், இடையில் காற்று போகட்டும். அது பற்றி 'படபட' என்று சத்தம் வந்ததும் பென்சில் தடிமன். வெறும் கங்காகப் புகைந்தால் கூட்டைக் கையில் ஏந்தி, உள்ளே நேராகப் பாயாமல் நீளமான மூச்சாக ஊதுங்கள். அம்மாக்கள் ஊதாங்குழலில் ஊதுகிற நிதானம் வேண்டும். சுவாலை வந்ததும் அடுப்பில் வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். பொறி கையிலேயே பிறக்கிறது, ஆவி கைவரை வந்துவிடும்.

முதலில் வீட்டு மாடியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு பஞ்சில் பழகுங்கள். பிறகு சாக்கு இழை, அதன்பின் தேங்காய் நார். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள்; கூடவே உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள், முடிந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள்.

மழை நாளில் வேலை இரட்டிப்பு, முறை ஒன்றுதான். மேல் காவோலை நனைந்திருந்தாலும் மரத்தோடு அடுக்கடுக்காகத் தொங்குவதன் உள்ளோலை காய்ந்திருக்கும். நனைந்த விறகைப் பிளந்தால் நடுவில் காய்ந்த கட்டை இருக்கும், அதைச் சிராய் சிராயாகச் செதுக்குங்கள். கூட்டைச் சட்டைக்குள் வைத்து நடந்தால் உடம்புச் சூட்டிலேயே கொஞ்சம் காயும். அடியில் இரண்டு மட்டையைத் தளமாகப் போடுங்கள். டப்பாவில் இருக்கிற வாசலின் உருண்டைகள் இந்த நாளுக்குத்தான்.

வேலை முடிந்ததும் கம்பியைத் துடைத்துக் காய வையுங்கள். ஈர உறையில் போட்டு வைத்தால் வெள்ளைப் பொடி பூத்து அரித்துவிடும். மழைக்காலத்தில் துளி எண்ணெய் தடவி வைக்கலாம். உரசுவதற்கு முன் துடைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே மூட்டக் கூடாது

இதைச் சொல்லாமல் கம்பியை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீயில், மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். கோடையில் காய்ந்து நிற்கிற போதைப்புல் என்ற மலைப்புல் சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை நம் பக்கத்துக்காரர்கள் அன்று பார்த்தோம்.

காப்புக் காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். அழகர்மலை, சிறுமலை, சதுரகிரி போகிறவர்கள் கம்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சதுரகிரி மலை 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் கூடாது. அங்கேயும் மாங்குளம், கீழவளவு குன்றுகளிலும் இருக்கிற சமணப் படுகைக் குகைகளுக்குள் காற்று அடிக்காது, உட்கார வசதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பாறை விளிம்பில் இருப்பது இரண்டாயிரம் வருடத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. ஒரு மாலை நேரத்துப் புகை போதும் அதைக் கறுப்பாக்க.

சொந்தத் தோட்டம், நெல் அடித்து முடித்த களம், பம்புசெட் மேடை, அனுமதி கேட்ட கோவில் வளாகம் இவை போதும். வைக்கோல் படப்பு, கூரைக் கொட்டகை, கரும்புக் காடு, காய்ந்த புல் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அடுப்பைச் சுற்றி ஆறடிக்கு மண் தெரியும்படி செதுக்கிவிடுங்கள். இரண்டு குடம் தண்ணீர் முதலிலேயே வந்து நிற்க வேண்டும். காற்று பனை ஓலையைச் சடசடக்க வைக்கிற நாளில் தீ வேண்டாம், கட்டுச்சோறு போதும்.

அணைப்பது

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. சீமைக்கருவேலங் கங்கு மண்ணுக்கு அடியில் மறுநாள் வரை உயிரோடு இருக்கும், மேலே நடக்கிற ஆடு மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாது. முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குச்சியால் அடி வரை கிளறுங்கள், கட்டைகளைப் புரட்டுங்கள். இரண்டாவது குடம் ஊற்றுங்கள். ஆவி வருவது நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரியவில்லை என்றால் மெல்ல தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடிந்தால் கிளம்பலாம். முடியவில்லை என்றால் பம்புசெட்டுக்குப் போய் இன்னொரு குடம் கொண்டு வாருங்கள்.